கிளாரினெட் சிரிக்கிற இடம்

தசரதன் ஒரு பாட்டை இரண்டு தடவை ஒரே மாதிரி வாசித்து ஆரணியில் யாரும் கேட்டதில்லை. அதனால்தான், நோயில் விழுந்து எழுந்த பிறகு அவர் ஒரே பாட்டை மூன்று நாளும் அச்சில் வார்த்ததுபோல ஒரு சுரம் பிசகாமல் வாசித்தபோது தெருவே மெச்சியது. அவர் மனைவி தேவகி மட்டும் தறிக்குழியில் உட்கார்ந்தபடி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அந்த அழுகை எதற்கு என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

தசரதனுக்குச் சொந்த ஊர் தேசூர். பதினெட்டு வயதில் ஜோலார்பேட்டைக்குப் போய் ரயில்வே கேன்டீனில் தட்டுக் கழுவினார். ரயில்வே குடியிருப்பில் ஒரு நடனக் கூடம் இருந்தது. கிறிஸ்துமஸ் வந்தால் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் அங்கே கூடி ஆடும். கேக் தட்டைத் தூக்கிக்கொண்டு சுவரோரமாக நிற்க வேண்டிய வேலை தசரதனுக்கு. அவர் தட்டை மறந்துவிட்டு வாத்தியக்காரர்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். முதலில் எல்லாரும் சேர்ந்து ஒரு மெட்டை வாசித்தார்கள். அப்புறம் ஒருவர் மட்டும் தனியாகப் பிரிந்து போனார். எங்கெங்கோ ஏறினார், இறங்கினார், வழி தவறிவிட்டார் போலிருக்கிறது என்று நினைக்கும்போது சரியாகப் புறப்பட்ட வாசலுக்கே வந்து நின்றார். பிறகு கிளாரினெட்டும் டிரம்மும் பேச ஆரம்பித்தன. நாலு தட்டு நேரம் கிளாரினெட்காரர் கேட்டார். நாலு தட்டு டிரம்காரர் பதில் சொன்னார். திடீரென்று டிரம்காரர் குசும்பாக ஏதோ தட்ட, கூடம் முழுவதும் கொல்லென்று சிரித்தது.

ஒரு வார்த்தைகூட இல்லை. பிறகு எப்படி எல்லாருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்தது? அந்தக் கேள்வி அன்றைக்கு அவர் மனசில் ஏறி உட்கார்ந்தது, கடைசிவரை இறங்கவே இல்லை. அந்த வாசிப்புக்கு ஜாஸ் என்று பெயர் என்பதைச் சமையல்காரர் சொல்லித் தெரிந்துகொண்டார்.

ஒரு எஞ்சின் டிரைவர் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குப் போனபோது வீட்டுச் சாமான்களை எல்லாம் விற்றார். கட்டில், பீரோ எல்லாம் போயின. பெட்டி உடைந்த ஒரு கிளாரினெட்டை மட்டும் யாரும் சீந்தவில்லை. சாமான் தூக்கிக் கொடுத்ததற்குக் கூலி வேண்டாம், இதைக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டார் தசரதன். பெற்ற பிள்ளையைத் துண்டில் சுற்றுவதுபோலச் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

ஆரணியில் ரங்கசாமி மாஸ்டரின் பாண்டு செட்டில் அவருக்கு இடம் கிடைத்தது எழுபதாம் வருஷம். சிவப்புக் கோட்டு, தோளில் பொன் ஜரிகை, தலையில் குஞ்சம் வைத்த தொப்பி. மாஸ்டர் கட்டுப்பாடான மனிதர். பாட்டு எப்படி இருக்கிறதோ அப்படியே வாசிக்க வேண்டும் அவருக்கு. தசரதனுக்கோ இரண்டாவது சரணத்துக்குமேல் கால் நிற்காது. மெட்டை விட்டுக் கிளம்பிவிடுவார். சைடு டிரம் வேலு அவரை விரட்டிக்கொண்டே போவான். நாலுக்கு நாலு இருவரும் கேட்டுக்கொள்வதும் பதில் சொல்லிக்கொள்வதுமாக இருப்பார்கள். “கல்யாணத்துக்குக் கூப்ட்டா காசிக்குப் போய்ட்டு வரான்யா இவன்” என்று மாஸ்டர் தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் ஊர்வலம் தெருமுனையில் நின்று, ஆரத்தித் தட்டு வர நேரமாகி, பெண் வீட்டாரும் பிள்ளை வீட்டாரும் முகத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கிற அந்தச் சங்கடமான பொழுதை நிரப்ப தசரதனை விட்டால் ஆள் கிடையாது என்பதும் மாஸ்டருக்குத் தெரியும்.

அந்தத் தெருமுனைகளில் பிறந்ததுதான் ‘சிரிக்கிற இடம்’. உச்சியிலிருந்து கிளாரினெட் படபடவென்று இறங்கி வரும், நடுவில் தடுக்கும், அடக்கப் பார்க்கும், அடக்க முடியாமல் பீறிட்டுக்கொண்டு மறுபடியும் இறங்கும். கேட்கிறவர்கள் தங்களை அறியாமல் சிரித்துவிடுவார்கள். ஒரு நாள் பொக்கைவாய்க் கிழவன் சிரிப்பதுபோல இருக்கும், இன்னொரு நாள் தாவணிப் பெண் சிரிப்பதுபோல இருக்கும். இட்லிக்கடை பொன்னம்மாளுக்கு அதென்றால் உயிர். பாண்டுச் சத்தம் கேட்டால் கரண்டியோடு வாசலுக்கு வந்து இடுப்பில் கை வைத்து நிற்பாள். “இன்னா தசரதா, இன்னிக்கி உன் குழலு சிரிக்காதா?” என்பாள். சிரித்த பிறகுதான் உள்ளே போவாள். அதற்குள் அடுப்பில் சட்னி தீய்ந்திருக்கும்.

தேவகியை அவர் கட்டிக்கொண்டது எழுபத்திரண்டில். பட்டுத்தறியில் பிறந்து தறியிலேயே வளர்ந்தவள். கல்யாணமான புதிதில் ஜாஸ் என்றால் என்ன என்று ஒரு மத்தியானம் முழுவதும் அவளுக்கு விளக்கினார். அவள் நூல் ஓட்டும் நாடாவைத் தள்ளியபடியே கேட்டுவிட்டு, “இதுல இன்னா அதிசயம்? நெடுக்கப் பாவு போட்டது போட்டபடி கெடக்குது. குறுக்க ஓட்டுற ஊடையில நம்ம இஷ்டம். அதான?” என்று முடித்துவிட்டாள். தசரதன் அசந்துபோனார். ஒரு வாரம் வேலுவிடம் அதையே சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

வீட்டில் சண்டை வந்தால் அவர் வாயைத் திறக்க மாட்டார். அவள் திட்டி முடிக்கும்வரை பொறுமையாக இருந்துவிட்டு, கிளாரினெட்டை எடுத்து அதே திட்டை, அதே ஏற்ற இறக்கத்தோடு வாசிப்பார். அவள் நூல் சுற்றிய தார்க்குச்சியை எடுத்து வீசுவாள். இரண்டு பேருக்கும் பிள்ளை இல்லை. அந்த வீட்டில் சத்தத்துக்கு மட்டும் குறைவே இருந்ததில்லை.

எண்பத்தொன்றாம் வருஷம் ஆவணி மாதத்தில் அந்தச் சத்தம் நின்றது.

சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையிலிருந்த சோறு கீழே விழுந்தது. வாய் ஒரு பக்கமாகக் கோணியது. வேலுதான் வண்டி பிடித்தான். வேலூர் ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள். உயிர் தங்கியது, வலது கையும் பேச்சும் போயின. சொல்வதெல்லாம் அவருக்குப் புரிந்தது. பதில் சொல்ல வாயைத் திறந்தால் “தா... தா...” என்பது மட்டும்தான் வந்தது. தண்ணீருக்கும் அதுதான், தேவகிக்கும் அதுதான். சொல்ல முடியாமல் அவர் கண்ணில் நீர் முட்டும்போது தேவகி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று டாக்டரம்மா ஒரு காகிதத்தில் தலையைப் படமாகப் போட்டுக் காட்டினார். பேச்சுக்கு இடது பக்கம் ஓர் இடம் இருக்கிறது, அடி பட்டது அங்கே என்றார். தேவகி தயங்கித் தயங்கி, கிளாரினெட்டும் போய்விட்டதா என்று கேட்டாள்.

“பாட்டுக்கு அப்படி ஒரே வீடு கிடையாதும்மா. தலை முழுக்க அதுக்கு உறவு உண்டு. பேச முடியாதவங்க பாடறதை நான் பார்த்திருக்கேன். கை தேறட்டும், கொடுத்துப் பாருங்க.”

“அப்ப அவரு வாசிச்சாருன்னா, பழைய மனுஷன் உள்ள இருக்காருன்னு அர்த்தங்களா?”

டாக்டரம்மா பேனாவை மூடினார். “பழகின பாட்டு வந்தா அது விரலோட பழக்கமாவும் இருக்கலாம். புதுசா ஏதாவது வந்தா, அதை அவர்தான் யோசிச்சு அனுப்பினார்னு வெச்சுக்கோங்க.”

அந்த ஒரு வாக்கியத்தை முடிச்சுப் போட்டு எடுத்துக்கொண்டு வந்தாள் தேவகி.

கை தேற நாலு மாதம் ஆனது. பட்டுநூலைக் கையில் கொடுத்துச் சுற்றச் சொன்னாள். முதலில் சிக்கெடுப்பதே பாடாக இருந்தது. ஐப்பசியில் ஒரு தார் சுற்றினார். கார்த்திகையில் விரல்கள் ஓரளவுக்குச் சொன்னபடி கேட்டன. பொன்னம்மாள் தினமும் இட்லி அனுப்பினாள், சில நாள் தானே தூக்குச்சட்டியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். “நீ பேசாட்டிப் போவுது தசரதா. உன் குழலு சிரிக்கட்டும். எனக்கு அது போதும்” என்று அவர் முழங்காலைத் தட்டிவிட்டுப் போவாள்.

மார்கழியில் கிளாரினெட்டை எடுத்துக் கொடுத்தாள் தேவகி. கோணிய உதட்டோரத்தில் காற்று புஸ் புஸ்ஸென்று கசிந்தது. அவள் எதிரில் மண்டியிட்டு, அந்த உதட்டோரத்தைத் தன் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். விரல் நோகும்வரை பிடித்திருப்பாள். இருபது நாள் கழித்து அவரே ஊதுவாயை இடப்பக்கம் தள்ளிவைத்து ஊதக் கற்றுக்கொண்டார்.

ஒரு நாள் காலையில் பாட்டு வந்தது. முழுப் பாட்டு, பல்லவியிலிருந்து கடைசிச் சரணம் வரை. தெருவில் பாவு நீட்டிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்று கேட்டார்கள். வேலு ஓடிவந்து அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டான். மறுநாளும் அதே பாட்டு. அதற்கு மறுநாளும். மூச்சு எடுக்கிற இடம்கூட மாறவில்லை. சிரிக்கிற இடம் வர வேண்டிய சந்தில் பாட்டு நேராக நடந்து போய்விட்டது.

தேவகி அழுதது அந்த மூன்றாம் நாள்தான். பத்து வருஷமாக அவரோடு வாழ்ந்தவளுக்குத்தானே தெரியும், சாவி கொடுத்தால் பாடுகிற பெட்டிக்கும் மனுஷனுக்கும் உள்ள வித்தியாசம்?

வேலுவும் மெதுவாகப் புரிந்துகொண்டான். டிரம்மைக் கொண்டுவந்து பழைய மாதிரி நாலு தட்டு தட்டிவிட்டு நிறுத்தினான். தசரதன் அவனைப் பார்த்தார். கிளாரினெட் வாயில்தான் இருந்தது. பதில் இல்லை. மறுபடி தட்டினான். அவர் கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பழைய பாட்டை முதலிலிருந்து ஆரம்பித்தார்.

“விடுங்க அண்ணி, வரும்” என்று சொல்லிவிட்டு, டிரம்மை எடுத்துக்கொண்டு அவசரமாக வெளியே போனான் வேலு.

ரங்கசாமி மாஸ்டர் கல்மனசுக்காரர் இல்லை. தை மாதம் குப்புராஜ் வீட்டுக் கல்யாணத்துக்குத் தசரதனைச் சேர்த்துக்கொள்கிறேன் என்று அவரே வந்து சொன்னார். ஆனால் தேவகியைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார்.

“தங்கச்சி, மறைச்சிப் பேசறவன் இல்ல நான். அவன் வாசிக்கிறது விரலு வாசிக்குது. ஊர்வலம்னா நிக்கிற இடத்துல நிக்கணும். நான் கை தூக்குனா நிறுத்தணும். அவன் ஒருநாள் நிறுத்தாம போய்கினே இருப்பான்னு எனக்குப் பயமா கீது. இந்த ஒரு கல்யாணம் பாக்குறேன். அப்படி ஏதாவது ஆச்சுன்னா, கோட்டைத் திருப்பிக் குடுத்துடும்மா.”

தேவகி சரி என்று தலையாட்டினாள். கோட்டு போனால் போகட்டும். ஆனால் மாஸ்டர் சொன்னது நடந்துவிட்டால், உள்ளே யாரும் இல்லை என்று ஊரறியச் சொன்னதாகிவிடுமே! அதைத் தாங்கிக்கொள்ளத் தன்னால் முடியுமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

கல்யாணம் பெருமாள் கோயிலில், விடியற்காலை முகூர்த்தம். தாலி கட்டி முடிந்து, பூ ஜோடித்த காரில் பெண்ணும் மாப்பிள்ளையும் ஏற, எட்டு மணிக்கு ஊர்வலம் கிளம்பியது. தேவகி தறிக்கு லீவு போட்டுவிட்டுப் பாண்டுக்கு ஓரமாக நடந்து வந்தாள். தசரதன் சுத்தமாக வாசித்தார். அந்தச் சுத்தம் அவள் நெஞ்சை அறுத்தது.

குப்புராஜ் வீட்டுக்குப் போகிற தெருமுனையில் மாஸ்டர் நின்றார். தெரு நெடுக, ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை பட்டுப் பாவு நீட்டியிருந்தார்கள். அரக்குச் சிவப்பு இழைகள் வெயிலில் மின்னின. பாவில் தடவிய கஞ்சி காயவில்லை, இன்னும் ஒரு மணி நேரமாவது ஆகும் என்று நெசவாளி கையைக் கட்டிக்கொண்டு சொன்னார். ஆரணியில் நீட்டிய பாவை யாரும் தாண்ட மாட்டார்கள், மாப்பிள்ளை காராக இருந்தாலும் சரி. நல்ல நேரம் தவறுகிறதே என்று குப்புராஜ் பதற, மாஸ்டர் விசாரிக்காமல் செட்டைப் பின்தெருவுக்குள் திருப்பினார்.

திருப்பி இருபது அடி போயிருக்க மாட்டார்கள். இட்லிக்கடை வாசலில் ஆட்கள் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். பலகைகள் சாத்தியிருந்தன. வாசல்படியில் தீமூட்டம் புகைந்துகொண்டிருந்தது. சுவரோரமாகப் பச்சை மூங்கில்.

பொன்னம்மாள் விடியற்காலையில் போய்விட்டிருந்தாள். கோயிலில் இருந்தவர்களுக்குச் சேதி எட்டவில்லை. பின்னால் கார் நுழைந்துவிட்டது, ஜனம் நிறைந்துவிட்டது, திரும்ப வழியில்லை.

சாவு வீட்டைக் கடக்கும்போது பாண்டு வாயை மூடிக்கொண்டு கடக்க வேண்டும். அது எழுதாத சட்டம். மாஸ்டர் கையைத் தூக்கினார். டிரம்பெட் நின்றது. பெரிய டிரம் நின்றது. வேலுவின் குச்சிகள் நின்றன.

கிளாரினெட் நிற்கவில்லை.

மாஸ்டர் இன்னொரு தடவை கையைத் தூக்கினார். தசரதன் அந்தக் கையைப் பார்த்தார். பார்த்தும் ஊதிக்கொண்டே நடந்தார். குப்புராஜ் முகம் சிவந்துபோய் முன்னால் வந்தார். சாவு வீட்டு ஆண்கள் இரண்டு பேர் எழுந்து நின்றார்கள். “புத்தி கெட்டுப்போச்சுன்னு சொன்னாங்களே, சரியாத்தான் கீது” என்று யாரோ முணுமுணுத்தது அவள் காதில் விழுந்தது. அவர் கையைப் பிடித்து இழுத்துவிடலாம் என்று ஓர் அடி எடுத்து வைத்தாள்.

அந்த ஓர் அடியில்தான் அவளுக்குக் கேட்டது. பாட்டு மாறிக்கொண்டிருந்தது.

கல்யாண மெட்டுதான், ஆனால் தரையோடு தரையாகத் தாழ்ந்து வந்தது. ஒவ்வொரு சுரமும் காலைப் பார்த்துப் பார்த்து எடுத்து வைத்தது. கடை வாசலுக்கு நேராக வந்ததும் தசரதன் நின்றார். உச்சியிலிருந்து ஓர் இறக்கம் இறங்கினார். நடுவில் தடுத்தது, அடக்கப் பார்த்தது, அடக்க முடியாமல் மறுபடி இறங்கியது. அதே சிரிக்கிற இடம்! அதே சுரங்கள்தான், ஒன்றுகூடக் கூடவில்லை, குறையவில்லை. ஆனால் மெதுவாக, மிக மெதுவாக வந்தது. மெதுவாக வந்தபோது அது சிரிப்பாக இல்லை. தேம்பித் தேம்பி அழுகிற ஒரு மனுஷனின் நெஞ்சாக இருந்தது.

இத்தனை வருஷமும் அந்தச் சிரிப்புக்குள் இந்த அழுகை ஒளிந்திருந்ததா? அவளுக்கே தெரியாமல் போயிற்றே! எந்த விரலுக்கும் இது பழக்கமில்லை. இதற்கு முன்னால் அவர் ஒரு தடவைகூட இப்படி வாசித்ததில்லை.

வேலு குச்சிகளைக் கக்கத்தில் செருகிக்கொண்டான். விரல் நுனியால், சத்தமே வராத மாதிரி, டிரம் தோலில் நாலு தட்டு தட்டினான். நிறுத்தினான். கிளாரினெட் நாலு எண்ணிக்கைக்குப் பதில் சொன்னது. வேலு கேட்டான், அது சொன்னது. கன்னத்தில் வழிவதைத் துடைக்கக்கூட நேரமில்லாமல் கேட்டுக்கொண்டே வந்தான் வேலு.

எழுந்து நின்ற ஆண்கள் உட்கார்ந்தார்கள். பொன்னம்மாளின் மகள் பாஞ்சாலை தலைவிரிகோலமாக வெளியே வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குப்புராஜ் தலையில் கட்டியிருந்த பட்டு உருமாலை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். மங்கள வாத்தியம் நின்றது என்ற குறையும் கல்யாணத்துக்கு வரவில்லை. மரியாதை தப்பியது என்ற குறையும் சாவுக்கு வரவில்லை. நடுவில் இருந்த அந்த ஒற்றையடிப் பாதையில் ஒரு பேசாத மனுஷர் இரண்டு கூட்டத்தையும் கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்.

நாலு வீடு தாண்டியதும் அதே இறக்கம் வேகமெடுத்தது. தடுக்கியது, பீறிட்டது, கலகலவென்று சிரித்தது. காருக்குள் கல்யாணப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள். புறப்பட்ட வாசலுக்குப் பாட்டு வந்து சேர, மாஸ்டர் கையை இறக்க, செட் முழுவதும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டது.

கல்யாண வீட்டில் தேவகி ரங்கசாமி மாஸ்டரிடம் போய் நின்றாள். கோட்டைக் கொடுத்துவிடவா என்று கேட்டாள். அவர் நெடுநேரம் தொப்பியின் குஞ்சத்தைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

“அவன் நிறுத்தல தங்கச்சி. நான் சொன்னது நடந்துடுச்சி” என்றார். “நான் கை தூக்குனது தப்புன்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு, எனக்குத் தெரியல. கோட்டுல இடது கை ஜரிகை பிரிஞ்சிருக்கு பாரு, தச்சிக் குடு. மாசிக்கு நாலு கல்யாணம் கீது.”

பதினாறாம் நாள் காரியம் முடிந்து பாஞ்சாலை ஒரு தூக்குச்சட்டி இட்லியோடு வந்தாள். தசரதன் எதிரில் அதை வைத்தாள். “எங்கம்மா கேட்டுகினுதான் போயிருக்கும்” என்றாள்.

தசரதனுக்குப் பேச்சு திரும்பவே இல்லை. அந்த “தா” ஒன்றை வைத்துக்கொண்டே மிச்சக் காலத்தை ஓட்டினார். ஆனால் கல்யாணத்தன்றே, மத்தியானம் வீடு திரும்பியதும் நடந்ததைத்தான் தேவகி வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பாள்.

கோட்டைக் கழற்றி மண்தரையிலேயே போட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்தார். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. “இப்பதான மாஸ்டர் தச்சிக் குடுன்னாரு? தூக்கி மண்ணுல போட்டா நான் தறியப் பாப்பனா, இதத் தோச்சிகினு கெடப்பனா? பேஜாரு பண்றதே பொழப்பா போச்சி” என்று பழைய வேகத்தில் பொரிந்து தள்ளிவிட்டுத் தறியில் உட்கார்ந்தாள்.

நாடாவை இரண்டு ஓட்டம் ஓட்டியிருப்பாள்.

பிறகு கிளாரினெட் கேட்டது. அவள் திட்டு, அவள் ஏற்ற இறக்கம், கடைசியில் ‘போச்சி’ என்று அவள் இழுத்த இழுப்பு வரை அப்படியே. அதன் வாலில், அவள் சொல்லாத ஒரு சின்னக் கெஞ்சல்.

தேவகி தார்க்குச்சியை எடுத்து வீசினாள். அது கதவில் பட்டு உருண்டது. அவள் அழுதுகொண்டே சிரித்தாள். அப்புறம் என்ன தோன்றியதோ, தறிப்பலகையை இழுத்து நாலு அடி அடித்தாள். டக், டக், டக், டக். நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தாள்.

உள்ளேயிருந்து பதில் வந்தது.